மலையின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்வது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தையும் அதன் தொடர்விளைவுகளையும் பள்ளிகளில் எப்படிக் கற்பிக்கலாம் என்று சென்ற மாதம் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். மலைப்பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு, நீலகிரிப் பள்ளிகளில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இங்கே பதில் எழுதுகிறார்.

கேள்வி: உதகையின் 200ஆம் ஆண்டையொட்டி 2022-இல் ஜான் சல்லிவனுக்குச் சிலை வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அவர் நல்லவரா, கெட்டவரா, மிஸ்?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டேன். என்ன சொல்ல வேண்டும்?
– அரசுப் பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

தள்ளிப்போட்டதில் தவறில்லை, ஆனால் "நல்லதும் கெட்டதும் கலந்தவர்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அது எந்த மனிதருக்கும் பொருந்தும் என்பதால் மாணவி அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள மாட்டாள். உறுதியாகத் தெரிந்த செய்திகளை அவள் முன் வைத்து, ஒவ்வொன்றிலும் ஆதாயம் யாருக்குப் போயிற்று, இழப்பு யார் தலையில் விழுந்தது என்று கேட்கப் பழக்குங்கள்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-இல் மலையேறி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். பிறகு உதகைப் பள்ளத்தாக்குக்குப் போய், இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கல் பங்களாவை எழுப்பினார். ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். சிலையின் பீடத்துக்கு இவ்வளவு போதும். வகுப்பறையில் அடுத்த கேள்வி வரவேண்டும்: அந்தப் பள்ளத்தாக்கு அதுவரை யாருடையதாக இருந்தது?

அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. சல்லிவன் அவர்களிடமிருந்து மிகச் சொற்பமான தொகைக்கு நிலம் வாங்கி, தமக்கென்று பரந்த தோட்டம் அமைத்துக்கொண்டார். அதே சல்லிவன்தான், இந்த நிலத்தின் உரிமையாளர்கள் தோடர்களே என்றும், அவர்களுக்கு இழப்பீடு தராமல் யாருக்கும் நிலம் ஒதுக்கக் கூடாது என்றும் அரசாங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே என்ற பக்கம்தான் அரசாங்கம் சாய்ந்தது. பிற்காலத்தில் சென்னை வருவாய் வாரியத்தில் உயர்ந்த பதவி வகித்த சல்லிவன், கம்பெனி ஆட்சி முறை ஒரு பஞ்சைப் போல வேலை செய்கிறது, கங்கைக் கரையில் உள்ள நல்லவற்றையெல்லாம் உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழிந்துவிடுகிறது என்ற பொருளில் சொன்ன வாசகம் பல வரலாற்று நூல்களில் எடுத்தாளப்படுகிறது.

நிலத்தை வாங்கியவரும், அந்த நிலம் யாருடையது என்று வாதாடியவரும், ஆட்சியையே குறைகூறியவரும் ஒரே ஆள். தனிமனிதரின் குணத்தை அளப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அதைக் காட்டிலும், இவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தவர் வாதாடியும் தோடர்களின் உரிமை ஏன் ஏட்டில் ஏறவில்லை என்ற கேள்விக்கு மாணவர்களைக் கொண்டுசெல்லுங்கள். நிலத்துக்கு வரி, வரிக்குப் பட்டா, பட்டாவுக்கு உழவு என்று இயங்கிய வருவாய் நிர்வாகத்தின் கண்ணில், உழாமல் எருமை மேய்த்தவர்கள் உரிமையாளர்களாகத் தென்படவில்லை என்ற இடத்துக்கு எட்டாம் வகுப்பு மாணவர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். சந்தேகம் வேண்டாம், பிள்ளைகளுக்கு அந்த அளவு கூர்மை உண்டு.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "நீ ஒரு தோடப் பெரியவராக இருந்தால் சல்லிவனுக்கு என்ன கடிதம் எழுதுவாய்?" என்ற வகைப் பயிற்சி எனக்கு ஒத்துவருவதில்லை. அந்தக் காலத்தைப் பற்றி நம் கையில் இருக்கும் எழுத்துகள் அனைத்தும் ஒரு தரப்பினர் எழுதியவை என்ற உண்மையையே அது மறைத்துவிடுகிறது. மறுதரப்பின் ஏடு நம்மிடம் இல்லை என்பதை மாணவர்கள் உணர்வதும் ஒரு பாடம்தான்.

கேள்வி: "நீலகிரியை சல்லிவன் கண்டுபிடித்தார்" என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அதற்கு முன்பு இங்கே வரலாறே இல்லையா?
– பிளஸ் ஒன் மாணவர், குன்னூர்

மனிதர்கள் குடியிருக்கும் இடத்தை எப்படித் தம்பி கண்டுபிடிக்க முடியும்? கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் உள்ள பாறை ஓவியங்கள் ஆங்கிலேயர் காலத்தைவிட மிக மிகப் பழமையானவை. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. ஐரோப்பியரிலேயே கூட, கேரளக் கடற்கரையிலிருந்து பெனீசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1603-இல் இங்கே வந்து, தோடர்களையும் படகர்களையும் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். 1799-இல் திப்பு வீழ்ந்தபோது இந்த மலை கம்பெனியின் கைக்கு வந்தது. 1812-இலும் 1818-இலும் வேறு ஆங்கிலேயர்கள் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சல்லிவன் வரிசையில் பின்னால் நிற்பவர்.

அதைவிட முக்கியமானது, இங்கே ஒரு பொருளாதாரமே நடந்துகொண்டிருந்தது. தோடரின் நெய்யும், கோத்தரின் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் இசையும், படகரின் தானியமும், குறும்பரின் தேனும் மருந்தும் ஊர் ஊராகக் கைமாறின. அதில் ஏற்றத்தாழ்வு இருந்தது, அச்சமும் இருந்தது. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பணமும் சந்தையும் வந்த பிறகு அந்த உறவுகள் படிப்படியாகத் தளர்ந்தன. உன் ஊரில் தேயிலை வருவதற்கு முன் எந்த நிலத்தில் ராகி, எந்த நிலத்தில் சாமை என்று பாட்டியைக் கேட்டு எழுதி வா. வழிகாட்டிகள் சொல்வதைவிட அது நம்பகமான ஆவணமாக இருக்கும்.

கேள்வி: என் மகன் வரலாற்று வகுப்பிலிருந்து வந்து வெள்ளைக்காரர்களைத் திட்டுகிறான். மலை ரயில், சாலை, பள்ளி, தாவரவியல் பூங்கா எல்லாம் அவர்கள் தந்தவைதானே? அவர்கள் வராமல் இருந்திருந்தால் ஊட்டியே இல்லை. வெறுப்பைக் கற்பிப்பது எதற்கு?
– ஒரு தந்தை, உதகமண்டலம்

வெறுப்பைக் கற்பிக்கக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். "தந்தவை" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் வந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரம் பற்றி ஏறும் அந்தப் பொறியியல் வியப்புக்குரியதுதான். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் தகுதியால்தான். அந்த வியப்பை உங்கள் மகனிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் அந்தச் சரிவில் பாறையைப் பிளந்து சுரங்கம் குடைந்தவர்கள் யார், அவர்களுடைய கூலி என்ன, பெட்டியில் ஏறி வந்தவர்கள் யார், இறங்கிப்போன சரக்கு எது என்று கேட்பது வெறுப்பாகாது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஊட்டி கிளப்பில் இந்தியர்கள் பரிமாறலாம், உட்கார முடியாது. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டியபோது, அதன் பெரிய உத்திரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தது. அடுத்த முறை உள்ளே போகும்போது மகனோடு அண்ணாந்து பாருங்கள். தோற்றவரின் கூரை வென்றவரின் கோயிலுக்கு வந்த கதையை அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இன்னொன்றும் உண்டு. 1870-களில் இருந்து சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் கோப்புகளோடு உதகைக்கு ஏறியது; ஆண்டில் பாதி நாட்களுக்கு மாகாணத் தலைநகரம் இதுதான். அந்த ஏற்பாடு வேரூன்றிய நாட்களில்தான் கீழே தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். துறைமுகத்திலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. அதே ஆண்டுகளில், பக்கிங்காம் பிரபு கவர்னராக இருந்தபோது, உதகையில் கவர்னர் மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது. பின்னாளில் ராஜ்பவன் ஆனது அதுதான். நியாயமாகச் சொல்வதென்றால், பக்கிங்காம் அந்தக் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்களில் ஒருவர், அவர் பெயர் தாங்கிய கால்வாயின் பணியும் நிவாரண வேலையாகத்தான் விரிவடைந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொன்னால் மாணவர்களின் பார்வை ஆட்களிடமிருந்து ஆட்சி முறைக்குத் திரும்பும், திட்டுவதும் குறையும்.

"வராமல் இருந்திருந்தால்" என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது. ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் அடிமைப்படாத நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜப்பானில் 1872-இலேயே ரயில் ஓடியது.

கேள்வி: கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) இல்லாத ஊட்டியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அவற்றை வெட்டச் சொல்வது பைத்தியக்காரத்தனம் இல்லையா?
– ஒரு வாசகர், குந்தா

கற்பனை செய்ய முடியாமல் போனதுதான் இதில் பாடமாக்க வேண்டியது. நீலகிரியின் மேட்டுநிலம் இயல்பில் புல்வெளியும், அதன் மடிப்புகளில் சோலையுமாக இருந்தது. புதிதாக வந்த நகரத்துக்கும் படைமுகாமுக்கும் விறகு வேண்டும் என்று சோலைகளை வெட்டினார்கள். விறகு தீர்ந்ததும், வேகமாக வளரும் மரங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1840-களிலேயே கற்பூர மரம் இங்கே வந்துவிட்டது. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணம் வருவாய்க் கணக்கிலும் வனக் கணக்கிலும் பதிந்தது.

ஆனால் முழுப் பழியையும் ஆங்கிலேயர் மேல் போடுவது வரலாறு ஆகாது. புல்வெளிகள் பெருமளவில் காணாமல் போனது 1947-க்குப் பிறகு. தோல் பதனிட சீகைப் பட்டைக்காகவும், செயற்கை இழை, காகித ஆலைகளுக்கு மரக்கூழுக்காகவும் நமது வனத்துறையே குன்று குன்றாக நட்டது. நட்ட கை மாறியது, "வீண் நிலம்" என்ற எண்ணம் மாறவில்லை. ஆட்சியின் நீண்டகால விளைவு என்று பாடநூல்கள் குறிப்பிடுவதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு வனச் சட்டத்தின் ஆண்டு 1882 என்பதையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். "மெட்ராஸ்" போய்த் "தமிழ்நாடு" வந்ததே தவிர, சட்டம் அதுதான். காட்டில் வாழ்வோரின் உரிமையைப் பேசும் வன உரிமைச் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, மரத்தை வெட்டினாலோ தீ பட்டாலோ கூட்டமாக முளைக்கும். எனவே ஒரேயடியாக வெட்டித் தள்ளுவதும் பயன் தராது. வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்கிப் புல்லை மீட்க வேண்டும். மீட்கப்பட்டுவரும் புல்வெளி எங்காவது பக்கத்தில் இருந்தால் மாணவர்களை அழைத்துப்போய் முளைத்த நாற்றுகளைக் கையால் பிடுங்கச் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணினாலே போதும்.

கேள்வி: என் வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள், கேரளத்திலிருந்து குடியேறிய விவசாயிகளின் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டுச் சண்டை வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பேசாமல் விட்டுவிடலாமா?
– பட்டதாரி ஆசிரியர், கூடலூர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மிகக் கடினமானது உங்களுடையது. விட்டுவிடாதீர்கள், ஆனால் இன்றைய வழக்கிலிருந்து தொடங்காதீர்கள். "இந்த நிலம் யாருக்குச் சேர வேண்டும்?" என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவின் வாயால் பேசும். "நாம் ஒவ்வொருவரும் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம், அல்லது எப்போதிலிருந்து இங்கேயே இருக்கிறோம்?" என்று கேட்டால் அதே பிள்ளைகள் ஒருவர் கதையை ஒருவர் கேட்பார்கள்.

தாயகம் திரும்பியோர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியின் மலைகளில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட, பிரிட்டிஷார் நமது வறண்ட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தக் கடன் தீரும் முன் அடுத்த கடன் ஏறியது. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனவர்கள், மாலையில் திரும்பியது லயம் எனப்பட்ட ஒற்றை அறை வரிசை வீட்டுக்கு. சில தலைமுறைகள் கழித்து, 1948-இல் சுதந்திர இலங்கை அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல அது; இரு அரசுகள் தமக்குள் பேசி முடிவு செய்தது, மக்கள் விண்ணப்பம் போட்டது அதற்குப் பிறகு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, பின்னர் டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அங்கே "இந்தியத் தமிழர்" என்ற பெயர், இங்கே வந்தால் "சிலோன்காரர்" என்ற பெயர். பேரன் உங்கள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.



அவனுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை தருவதற்காகத் திருத்தப்பட்ட காட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பது அடுத்த பெஞ்சுக் கதை. இங்கே கவனம் வேண்டும். பணியர்களின் அடிமைத்தனம் ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. ஜன்மிகள் எனப்பட்ட வயநாட்டுப் பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஓராண்டுக்கு ஆள் பேசிக் கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி 1843-இல் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது, ஆனால் ஜன்மியின் நில உரிமையை எழுத்தில் உறுதியாக்கி, அந்த நிலத்தைத் தோட்டக் கம்பெனிகளுக்கு நீண்ட குத்தகைக்கு விட வழியும் செய்தது. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் முளைத்துச் சில ஆண்டுகளில் படுத்துப்போன கூத்தும் அதே நிலத்தில்தான் நடந்தது.

நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக இருந்த 80,000 ஏக்கருக்குத் தீர்வு காண 1969-இல் சட்டம் வந்தும், அந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் வரும் நிலம் என்ற பேச்சு இன்றுவரை உங்கள் ஊர் டீக்கடையில் ஓயவில்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடைக்காத வீடு எந்த மாணவனுடையதாகவும் இருக்கலாம். ஜன்மியும் கம்பெனியும் கலெக்டர் கச்சேரியும் சேர்ந்து போட்ட முடிச்சு அது என்று விளங்கினால், பக்கத்து பெஞ்சுக்காரன்தான் எதிரி என்ற எண்ணம் கொஞ்சமாவது தளரும். முழுவதும் தளரும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

பழங்குடிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி "உங்கள் கஷ்டத்தைச் சொல்லு" என்று கேட்காதீர்கள். விருப்பம் இருந்தால் பேசட்டும், இல்லாவிட்டால் எழுதட்டும், அதுவும் வேண்டாமென்றால் வரைபடத்தில் தன் ஊரின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். அரசு வரைபடத்தில் இல்லாத ஓடைப் பெயரும் மேட்டுப் பெயரும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

கேள்வி: நடுவட்டத்தில் சீனக் கைதிகள் இருந்தார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?
– கல்லூரி மாணவி, பைக்காரா

உண்மை. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைக்குரிய சின்கோனாவைக் கிளமெண்ட்ஸ் மார்க்கம் 1860-இல் இந்தியாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். அதன் பட்டையிலிருந்து கிடைக்கும், மலேரியாவுக்கு மருந்தான கொயினாவின் தேவை அன்றைய படைகளுக்கும் அரசாங்கத்துக்கும் எவ்வளவு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மலைக்காட்டில் வேலை செய்ய ஆள் போதாததால், நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகளை இங்கே அனுப்பினார்கள். அவர்கள் அடைக்கப்பட்டிருந்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அறையின் அகலத்தைக் கையை விரித்து அளந்து பார்த்தால், எந்தப் பாடநூலும் சொல்லாதது விளங்கும்.

விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறி, தமிழ்ப் பெண்களை மணந்து, காப்பியும் மாடுமாக வாழ்ந்ததை, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய பிள்ளைகளின் மூக்கையும் மண்டையையும் கூட அளந்து எழுதினார் என்பது அந்தக் காலத்து "அறிவியலின்" இலட்சணம்.

கேள்வி: ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டிக்குத் தோடர் வேடம் போடச் சொல்லலாமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, அருவங்காடு

வேண்டாம். தர்ஸ்டன் காலத்திலிருந்து தோடர்களை நிற்க வைத்துப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றார்கள். நாம் அதை மேடையில் தொடர வேண்டியதில்லை. பூத்தையல் தெரிந்த தோடப் பெண்மணி ஒருவரை உரிய மதிப்பூதியம் கொடுத்து அழைத்து, கைவேலை வகுப்பு நடத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் படிக்கும் ஆங்கில வழிப் பள்ளியில் வீட்டு மொழியில் பேசினால் அபராதம். வரலாற்றுப் பாடத்தில் மெக்காலேயைக் குறை சொல்கிறார்கள். இது முரண் அல்லவா?
– ஒரு தாய், கேத்தி

முரண்தான், அதை மகளே கண்டுகொண்டால் இன்னும் நல்லது. 1834-இல் சென்னையில் வந்திறங்கிய மெக்காலேயைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு நேராக உதகைக்குத்தான் வந்தார்கள். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது இங்கே தங்கியிருந்தார். சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று தாமே ஒப்புக்கொண்டு, அந்த இலக்கியங்களைத் தாழ்த்தி, ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய புகழ்பெற்ற குறிப்பை மெக்காலே எழுதியது 1835 பிப்ரவரியில். மலைமேல் அவரைத் தூக்கிச் சுமந்தவர்களின் மொழியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் பலருக்கு அது மேலே ஏறும் படியாக இருந்தது. இன்றும் தோட்டத் தொழிலாளி தன் பிள்ளைக்கு அதைத்தான் கேட்கிறார். ஆனால் ஒரு மொழியைக் கற்பிக்க இன்னொரு மொழியைக் குற்றமாக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை மனவேதனைக்கு உள்ளாக்குவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் தடை செய்கிறது. தலைமையாசிரியருக்கு மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டு, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். தனியாகப் போனால் மகளின் பெயர்தான் அடிபடும்.

கேள்வி: கொடைக்கானலில் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்? எல்லோரும் ஏரியைத்தான் சொல்கிறார்கள்.
– சமூக அறிவியல் ஆசிரியர், கொடைக்கானல்

ஏரியைக் கடைசியாக வையுங்கள். முதல் நாள் பூம்பாறைக்குப் போங்கள். அங்கே படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் பார்த்த மாணவர்கள், இந்த மலைக்கு மனிதர்கள் 1845-இல்தான் வந்தார்கள் என்று நம்பமாட்டார்கள். அந்த ஆண்டில் வந்தவர்கள் அமெரிக்க மிஷனரிகள். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பிறகு இங்கே வீடு கட்டினார்கள். ஏரி 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்சின் முயற்சியால் வந்தது.

இரண்டாம் நாள் வானாய்வகத்துக்குப் போங்கள். மேலே தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனை ஆராயக் கொடைக்கானலில் 1899-இல் ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தானியம் கப்பலேறியதை விட்டுவிட்டுச் சூரியனைக் கேள்வி கேட்டார்களே என்று மாணவர் யாராவது சொன்னால் தடுக்காதீர்கள். அதே இடத்தில் 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார் என்பதையும், நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டு இன்றும் உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன என்பதையும் அந்த மாணவனே அறிந்துகொள்ளட்டும். வகுப்பாகப் போவதென்றால் தலைமையாசிரியரின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். மழைநாளில் போனால் சூரியன் தெரியாது, அருங்காட்சியகம் மட்டுமே மிஞ்சும்.